முப்பது கிழமையில் பிறந்த பிள்ளைக்கு எவ்வளவு பால், எதைச் சேர்த்து, எப்போது கூட்டுவது?

ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறா: தங்கச்சிக்கு பிரஷர் கூடி, 30 கிழமையில் ஒப்பரேஷன் செய்து பிள்ளையை எடுத்திருக்கிறார்கள். பிறந்தபோது 1250 கிராம். இன்று ஆறாம் நாள், நிறை 1140. மூக்கால் போட்ட ரியூப் வழியே இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் 5 மி.லீ. பால்தான் போகிறது, பக்கத்துப் பிள்ளைக்கு 30 மி.லீ. கொடுக்கிறார்கள். கொஞ்ச நாளில் தாய்ப்பாலுக்குள் ஒரு பவுடரும் கலக்க வேண்டும் என்று வாட்டில் சொல்கிறார்கள். தாய்ப்பால் போதாதா? பிள்ளை பசியில் இருக்கிறதா? வீட்டுக்கு வந்தால் பசுப்பாலைத் தண்ணி கலந்து கொடுக்கலாம் என்று அம்மம்மா சொல்கிறா, அது சரியா?

முதலில் அந்த 5 மி.லீ. கணக்கைப் பார்ப்போம். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் என்றால் ஒரு நாளைக்கு 12 தடவை, மொத்தம் 60 மி.லீ. அதை 1.25 கிலோவால் பிரித்தால் கிலோவுக்கு 48 மி.லீ. வாட்டில் டொக்டர்மார் பேசுவது இந்த "கிலோவுக்கு எத்தனை" என்ற கணக்கைத்தான். பக்கத்துப் பிள்ளை 34 கிழமையில் 1800 கிராமோடு பிறந்து, மூன்று மணித்தியாலத்துக்கு ஒருக்கால் 30 மி.லீ. குடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு 240 மி.லீ., கிலோவுக்கு 133. வெளிப் பார்வைக்கு ஆறு மடங்கு வித்தியாசம். கணக்கில் மூன்று மடங்குகூட இல்லை. அந்தப் பிள்ளையின் குடல் நாலு கிழமை கூட வளர்ந்தது என்பதையும் சேர்த்தால், ஒப்பிட ஒன்றுமே இல்லை.

மிச்சம் எங்கே போகிறது? பிள்ளைக்கு சேலைன் ஏறுகிறதல்லவா, அதற்குள் குளுக்கோஸ், புரதத்துக்கான அமினோ அமிலம், சில பிள்ளைகளுக்குக் கொழுப்பும் சேர்த்துத்தான் ஏற்றுவார்கள். பால் கூடக்கூட சேலைனைக் குறைப்பார்கள். ஆகவே பிள்ளை பட்டினியில் இல்லை. இப்போது போகும் பால் வயிற்றை நிரப்ப அல்ல, குடலைப் பழக்க. முதல் நாட்களில் கிலோவுக்கு 10 முதல் 20 மி.லீ. வரை கொடுப்பதே அதற்காகத்தான். பால் படாத குடல் மெலிந்து போகும், கிருமி சுவரைத் தாண்டும். பிறகு ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 20 முதல் 30 மி.லீ. வரை கூட்டிக்கொண்டு போவார்கள். உங்கள் பிள்ளைக்கு இலக்கு கிலோவுக்கு 160 என்று வைத்தால் நாளுக்கு 200 மி.லீ., தடவைக்கு ஏறத்தாழ 17 மி.லீ. தினமும் தடவைக்கு இரண்டரை மி.லீ. வீதம் கூடினால் இன்னும் ஐந்து ஆறு நாளில் அங்கே போய்விடும். இடையில் ஒரு நாள் நிறுத்தி வைத்தாலும் பயப்பட வேண்டாம்.

தாய்க்கு பிரஷர் கூடிப் பிறந்த பிள்ளைகளில் சிலருக்கு வயிற்றுக்குள் இருந்தபோதே கொப்பூழ்க்கொடி வழியே இரத்த ஓட்டம் குறைந்திருக்கும். உடம்பு மூளைக்கும் இருதயத்துக்கும் இரத்தத்தைக் காப்பாற்றி, குடலுக்குக் குறைத்திருக்கும். அப்படிப்பட்ட பிள்ளைக்கு மெதுவாகக் கூட்டுவது சரியான முடிவு. 30 கிழமைக்கு 1250 கிராம் என்பது குறைந்த நிறை இல்லை, அது ஒரு நல்ல செய்தி. கடைசி ஸ்கானில் இரத்த ஓட்டம் எப்படி இருந்தது என்று டொக்டரிடம் கேளுங்கள். வேகம் ஏன் இப்படி என்பதற்கு விடை அதற்குள் இருக்கலாம்.

1250 லிருந்து 1140 என்றால் 110 கிராம், பிறந்த நிறையில் 9 சதவீதம். குறைமாதப் பிள்ளையின் உடம்பில் தண்ணீர் கூட. முதல் நாட்களில் அது சிறுநீராகப் போகத்தான் வேண்டும். 10 சதவீதம் வரை, மிகச் சிறிய பிள்ளைகளில் அதற்கு மேலும் குறையும். 10 முதல் 14 நாளுக்குள் பிறந்த நிறையைத் தொட வேண்டும். அதுவரை பாலின் அளவை இன்றைய நிறைக்குக் கணக்குப் பார்ப்பதில்லை, பிறந்த நிறைக்குத்தான்.

இனிப் பவுடர். "தாய்ப்பால் போதாதா" என்ற கேள்வியில் ஒரு தாயின் மனக்குறை இருக்கிறது, அதனால் நேராகச் சொல்கிறேன். தங்கச்சியின் பாலில் ஒரு குறையும் இல்லை. பிள்ளை இன்னும் பத்துக் கிழமை கர்ப்பத்துக்குள் இருந்திருக்க வேண்டும். அந்தப் பத்துக் கிழமையில் நச்சுக்கொடி கொடுக்கும் வேகத்துக்கு எந்தப் பாலும் தனியே ஈடு கொடுக்காது. கல்சியத்தில் ஐந்தில் நாலு பங்கு கடைசி மூன்று மாதத்தில்தான் எலும்பில் சேர்கிறது. இரும்பும் கொழுப்பும் அப்படியே.

இலக்கங்களில் பாருங்கள். இப்படியான பிள்ளைக்கு ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 115 முதல் 140 கிலோகலோரி, 3.5 முதல் 4 கிராம் புரதம், 120 முதல் 200 மி.கிராம் கல்சியம் தேவை. 100 மி.லீ. தாய்ப்பாலில் 67 கிலோகலோரி அளவு, புரதம் 1.2 கிராம் அளவு, கல்சியம் 25 முதல் 30 மி.கிராம். கிலோவுக்கு 160 மி.லீ. கொடுத்தால் 107 கிலோகலோரி, புரதம் 2 கிராமுக்குச் சற்றுக் குறைவு, கல்சியம் 50 மி.கிராம்கூட இல்லை. குறைமாதத்தில் பெற்ற தாயின் பாலில் முதல் கிழமைகளில் புரதம் இதைவிடக் கூட இருக்கும். பிறகு அது இறங்கிவிடும். கலோரியில் குறைவு கொஞ்சம்தான். புரதத்திலும் எலும்புச் சத்திலும்தான் பெரிய பள்ளம். அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் பவுடர். அது மாப்பால் அல்ல, தாய்ப்பாலுக்குள் மட்டும் கலக்கும் ஊட்டம். பெரும்பாலான வகைகளில் 100 மி.லீ. பாலுக்கு 1 கிராம் அளவு புரதம் கூடும், கலோரி 80 ஐத் தொடும், கல்சியமும் பொஸ்பேற்றும் சேரும்.

உலக சுகாதார நிறுவனம் 2022 இல் வெளியிட்ட பரிந்துரையில், இந்த ஊட்டம் 32 கிழமைக்கு முன் பிறந்த அல்லது 1.5 கிலோவுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கென்றே வருகிறது. 35 கிழமையில் 2.1 கிலோவோடு பிறந்த பிள்ளைக்குப் பொதுவாக அது தேவையில்லை. உங்கள் பிள்ளைக்குத் தேவை. பால் கிலோவுக்கு 80 முதல் 100 மி.லீ. ஆகும்போது தொடங்குவார்கள்.

கலக்கும்போது பிழை வருவது அளவில். ஒரு பக்கற் 25 மி.லீ. பாலுக்கு என்று எழுதியிருக்கும், பிள்ளை குடிப்பது 17 மி.லீ. மூன்றில் இரண்டு பங்கு என்று கண்ணால் பார்த்துக் கொட்டக் கூடாது. கூடினால் பால் தடித்து, வயிறு ஊதும், மலம் இறுகும். குறைந்தால் வளர்ச்சி இல்லை. 50 மி.லீ. பாலில் இரண்டு பக்கற்றைக் கரைத்து, அதிலிருந்து தடவைக்கு 17 மி.லீ. எடுத்து, மிச்சத்தை பிரிட்ஜில் வைத்து அன்றே முடிப்பதுதான் ஒழுங்கு. வகைக்கு வகை அளவு மாறும், ஆகவே கையிலிருக்கும் பக்கற்றில் எழுதியிருப்பதை நேர்ஸோடு சேர்ந்து பாருங்கள்.

இவ்வளவுக்கும் அடிப்படை தங்கச்சியின் பால். குறைமாதப் பிள்ளையின் குடற்சுவர் வெந்து அழுகும் ஒரு கொடிய நோய் இருக்கிறது. மாப்பால் குடிக்கும் பிள்ளைகளில் அது கூடுதலாக வருகிறது, தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைகளில் குறைவாக வருகிறது. ஆகவே ஒவ்வொரு துளியும் மருந்து. முதல் நாட்களில் வரும் மஞ்சட் பால், ஊரிலே கடும்புப் பால் என்று பிழிந்து ஊற்றிவிடுவார்களே, அதில் ஒரு சொட்டையும் விடக் கூடாது. 1 மி.லீ. சிறிஞ்சால் முலைக்காம்பு நுனியிலிருந்தே உறிஞ்சி எடுக்கலாம்.

ஒப்பரேஷனுக்குப் பிறகு, அதுவும் பிள்ளை பக்கத்தில் இல்லாமல், பால் சுரக்கப் பிந்தும். ஒரு நாளைக்கு 8 தடவைக்குக் குறையாமல் பிழிந்து எடுக்க வேண்டும். அதில் ஒன்று நடுச்சாமத்துக்கும் விடிய ஐந்து மணிக்கும் இடையில் இருக்கட்டும். பால் சுரக்கவைக்கும் ஹோர்மோன் அந்த நேரத்தில்தான் கூட. கையால் எடுப்பதாக இருந்தால், பெருவிரலை மேலேயும் சுட்டுவிரலைக் கீழேயும், காம்பிலிருந்து இரண்டு மூன்று சென்ரிமீற்றர் தள்ளி வைத்து, முதலில் நெஞ்சை நோக்கி உள்ளே அழுத்தி, பிறகு இரண்டு விரலையும் ஒன்றையொன்று நோக்கி நெருக்கி, விட வேண்டும். தோலில் வழுக்கி இழுக்கக் கூடாது, காம்பை நசுக்கவும் கூடாது. இரண்டும் நோகும், பாலும் வராது. ஒரு பக்கம் மூன்று முதல் ஐந்து நிமிடம், ஓட்டம் குறைந்ததும் மற்றப் பக்கம், திரும்பவும் முதல் பக்கம், விரல்களைச் சுற்றிச் சுற்றி மாற்றி, மொத்தம் 20 முதல் 30 நிமிடம். இரண்டாம் கிழமை முடிவில் நாளுக்கு 500 மி.லீ. தாண்டினால் பால் நிலைத்துவிட்டது என்று எடுக்கலாம். இப்போது பிள்ளைக்கு 60 மி.லீ. போதும் என்று பிழிவதைக் குறைத்தால், பிள்ளை 300 மி.லீ. கேட்கும் நாளில் அது இருக்காது. இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது, பிறகு திருத்துவது மிகக் கஷ்டம்.

பிரஷர் மருந்து குடிக்கிறா என்பதற்காகப் பாலை ஊற்ற வேண்டாம். வழமையாகக் கொடுக்கும் நிபெடிபின், லபெடலோல் இரண்டும் பால் கொடுக்கும் தாய்க்குப் பொதுவாக ஏற்றவை. வேறு மருந்தென்றால் பெயரைச் சொல்லி வாட்டில் கேளுங்கள்.

தங்கச்சியைத் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பி, பிள்ளை வாட்டிலேயே இருக்குமென்றால் பாலைக் கொண்டு போகும் பிரச்சினை வரும். பிழிந்த பால் வெளியில் நாலு மணித்தியாலம் இருக்கலாம் என்று சொல்வது 25 பாகைச் சூட்டுக்கு. வன்னியில் சித்திரை, வைகாசியில் தகரக் கூரைக்குக் கீழே அந்தக் கணக்குச் செல்லாது. பிழிந்த கையோடு குளிருக்குள் போக வேண்டும். பிரிட்ஜில், கதவுப் பக்கம் வைக்காமல் உள்ளே தள்ளி வைத்தால் குறைமாதப் பிள்ளைக்கு 48 மணித்தியாலம் வரை பாவிக்கலாம். கொண்டு போக ஒரு புதிய றெஜிபோம் பெட்டி வாங்குங்கள். மீன் கொண்டு போன பெட்டி எவ்வளவு கழுவினாலும் வேண்டாம். போத்தல்களைச் சுற்றி ஐஸ் பக்கற்றை நெருக்கமாக அடுக்கி, மிஞ்சும் இடைவெளியைச் சுத்தமான துணியால் அடைத்துவிட்டால், ஒட்டுசுட்டானிலிருந்து மாஞ்சோலை ஆஸ்பத்திரிக்கோ கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்கோ போகும் நேரத்துக்குக் குளிர் நிற்கும். ஒவ்வொரு போத்தலிலும் தாயின் பெயர், திகதி, பிழிந்த நேரம். 20 மி.லீ., 30 மி.லீ. என்று சின்னச் சின்னதாகவே நிரப்புங்கள்; பெரிய போத்தலில் மிஞ்சுவது வீண்.

ரியூப்பால் பால் போவதை ஒருதடவை பக்கத்தில் நின்று பாருங்கள். சிறிஞ்சின் தண்டைக் கழற்றிவிட்டு, வெறும் குழாயை ரியூப்பில் பொருத்தி, பிள்ளையின் தலைக்கு ஒரு சாண் மேலே பிடித்து, பாலை ஊற்றுவார்கள். அது தானாக, மெல்ல, பத்துப் பதினைந்து நிமிடத்தில் இறங்க வேண்டும். தண்டைப் போட்டுத் தள்ளினால் வயிறு திடீரென்று விரிந்து சத்தி வரும், பிள்ளை மூச்சை மறக்கும். பால் முடிந்ததும் சிறிஞ்சின் உட்சுவரைப் பாருங்கள்: வெள்ளையாக ஒரு ஏடு ஒட்டியிருக்கும். அது கொழுப்பு, பாலின் கலோரியில் பாதியளவு அதில்தான். பிரிட்ஜில் இருந்த பாலில் அது மேலே மிதக்கும், அதனால் ஊற்றுமுன் போத்தலை மெதுவாகச் சுழற்றிக் கலக்க வேண்டும். பம்ப் வைத்து மணித்தியாலக் கணக்கில் மெல்ல ஏற்றும்போது இந்தக் கொழுப்பு இன்னும் கூட ரியூப்பில் ஒட்டி நின்றுவிடும். அப்படி ஏற்ற வேண்டி வந்தால் சிறிஞ்சின் வாயை மேல்நோக்கிச் சரித்து வைத்தால் கொழுப்பு முதலில் போய்ச் சேரும்.

பால் இறங்கும் நேரத்தில் பிள்ளையைத் தாயின் நெஞ்சோடு தோலோடு தோலாகக் கட்டிவைப்பது மிகவும் நல்லது. அதே உலக சுகாதார நிறுவனப் பரிந்துரை ஒரு நாளைக்கு 8 முதல் 24 மணித்தியாலம் என்று சொல்கிறது. சூட்டுக்குச் செலவாகும் கலோரி வளர்ச்சிக்கு மிஞ்சும், தாய்க்குப் பாலும் ஊறும். பிழிந்து காலியான முலையில் பிள்ளையின் வாயை வைத்து விடலாம். நக்கும், இரண்டு தரம் உறிஞ்சும், நித்திரையாகும். அது போதும். உறிஞ்சி, விழுங்கி, மூச்சு விடுகிற மூன்றையும் ஒழுங்காகச் சேர்க்க, கர்ப்பத்திலிருந்து எண்ணி 32 முதல் 34 கிழமை ஆகும். அதற்கு முன் வாயால் கொடுத்துப் பழக்கு என்று அவசரப்படுத்த வேண்டாம். நேரம் வந்ததும் முலை, கூடவே சின்னக் கப். கப்பில் கொடுக்கும்போது பிள்ளையை நிமிர்த்தி இருத்தி, விளிம்பைக் கீழுதட்டில் முட்டவைத்துப் பாலை உதடு வரை சரிக்க வேண்டும். பிள்ளையே நாக்கால் எடுக்கும். வாய்க்குள் ஊற்றினால் சுவாசத்துக்குள் போகும்.

இனி எல்லாப் பெற்றோரும் கேட்பது: நிறை ஏன் ஏறவில்லை? பிறந்த நிறையைத் தொட்டபிறகு ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 15 முதல் 20 கிராம் ஏற வேண்டும். இரண்டு கிலோ தாண்டியபின் நாளுக்கு 20 முதல் 30 கிராம். ஒரு நாள் நிறையை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஒரு கிழமையைப் பாருங்கள். 1300 இலிருந்து ஏழு நாளில் 1440 என்றால், நாளுக்கு 20 கிராம். சராசரி நிறை 1.37 கிலோவால் பிரித்தால் 14.6. கேட்க இருபது நன்றாக இருக்கிறது, கணக்கில் சற்றுக் குறைவு. நீளம், தலைச் சுற்றளவு இரண்டும் கிழமைக்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர். நிறை மட்டும் ஏறி, தலையும் நீளமும் நின்றால் பிள்ளை கொழுக்கிறது, வளரவில்லை. புரதத்தைப் பார்க்க வேண்டும்.

ஏறாவிட்டால் தேடும் ஒழுங்கு ஒன்று இருக்கிறது, அதைத் தாண்டி நேராக "பால் சத்தில்லை" என்ற முடிவுக்குப் போகக் கூடாது. ஒரே தராசா, உடுப்பில்லாமலா, ஒரே நேரத்திலா நிறுத்தது? பிறகு, பாலின் அளவு. இதில்தான் கூடுதலாகப் பிழை நடக்கிறது. 1250 கிராமுக்குப் போட்ட 17 மி.லீ. பிள்ளை 1440 ஆனபிறகும் 17 ஆகவே நிற்கும். கிலோவுக்கு 160 என்றால் இப்போது நாளுக்கு 230, தடவைக்கு 19 மி.லீ. ஆக வேண்டும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருதரம் இந்தக் கணக்கைத் திருப்பிப் போட வேண்டும். தாய் நினைவூட்டினால் ஒருவரும் கோபிக்க மாட்டார்கள். பவுடர் எல்லாத் தடவையும் சேர்ந்ததா? சிறிஞ்சில் கொழுப்பு நின்றதா? தாய் முதலில் வரும் தண்ணீரான பாலை மட்டும் கொடுத்து, கடைசியில் வரும் கொழுத்த பாலைப் பிழியாமல் விட்டாவா? பிழிந்ததை இரண்டு போத்தலாக்கி, பின்பாலை முதலில் கொடுத்தால் கலோரி கூடும். புரதமும் கல்சியமும் அதனால் கூடாது, ஆகவே அது பவுடருக்குப் பதில் இல்லை.

உடம்புச் சூடு 36.5 க்கும் 37.5 க்கும் இடையில் நிற்கிறதா? குளிரில் கிடக்கும் பிள்ளை எவ்வளவு குடித்தாலும் ஏறாது. அடுத்தது இரத்தம். சோடியம் குறைந்திருந்தால் நிறை நிற்கும். இந்தப் பிள்ளைகளின் சிறுநீரகம் உப்பைப் பிடித்து வைக்கத் தெரியாதது. யூரியா மிகக் குறைவாக இருந்தால் புரதம் போதவில்லை என்று எடுத்து, புரதத்தை மட்டும் கூட்டுவார்கள். இரத்தச் சோகை, கிருமித் தொற்று, இருதயத்தில் மூடாத குழாய், இவையும் நிறையை நிறுத்தும். கடைசியாக ஒன்று: வாயால் குடிக்கத் தொடங்கிய கிழமையில் நிறை மந்தமாவது வழமை. உறிஞ்சுவது பிள்ளைக்குப் பெரிய வேலை. அப்போது சில தடவைகளைத் திரும்ப ரியூப்பால் கொடுத்தால் சரியாகும்.

நுரையீரல் பலவீனமாகி ஒட்சிசனில் நிற்கும் பிள்ளையின் கணக்கு வேறு. அதற்குத் தண்ணீர் கூடினால் மூச்சு முட்டும், ஆனால் மூச்செடுக்கும் உழைப்புக்குக் கலோரி கூட வேண்டும். கிலோவுக்கு 130, 140 மி.லீ. க்குள் அடக்கி, சத்தைச் செறிவாக்குவார்கள். எதிர்ப்பக்கத்தில் 34, 35 கிழமைப் பிள்ளை: பார்க்க முழுமாதம் போல, ஆனால் அழாமல் நித்திரை கொள்ளும். பசித்தால் அழும் என்று காத்திருந்தால் சீனி இறங்கும், மஞ்சள் ஏறும். மூன்று மணித்தியாலத்துக்கு ஒருதரம் எழுப்பிக் கொடுக்க வேண்டும்.

எலும்புக்கு நாலாம் கிழமையளவில் இரத்தத்தில் பொஸ்பேற்றும் அல்கலைன் பொஸ்பற்றேஸ் என்ற நொதியமும் பார்ப்பார்கள். முதலாவது இறங்கி இரண்டாவது ஏறினால் எலும்பு சத்துக் கேட்கிறது. கல்சியமும் பொஸ்பேற்றும் தனித்தனி மருந்தாகத் தந்தால் ஒரே பாலுக்குள் இரண்டையும் விடாதீர்கள்; ஒன்றோடொன்று சேர்ந்து சுண்ணாம்பு போலப் படிந்து, இரண்டும் வீணாகும்.

வீட்டுக்கு வந்தபிறகு பசுப்பால் பற்றி. அம்மம்மா அன்பில்தான் சொல்கிறா. முழுமாதப் பிள்ளைகளை அப்படி வளர்த்த காலம் அவ கண்ட காலம். பசுப்பால் கன்றுக்கானது. அதன் புரதமும் உப்பும் இந்தச் சிறுநீரகத்துக்குப் பாரம், இரும்பு மிகக் குறைவு, குடலில் கண்ணுக்குத் தெரியாத இரத்தக் கசிவும் உண்டாகும். தண்ணி கலந்தால் பாரம் கொஞ்சம் குறையும், ஆனால் தேவையான கலோரியும் புரதமும் கூடவே போய்விடும். ஒரு வயது வரை வேண்டாம். தேன், கற்கண்டுத் தண்ணி, கோரோசனை, ஓமத் தண்ணியும் வேண்டாம். அம்மம்மாவுக்கு வேறு வேலை இருக்கிறது: தங்கச்சிக்குச் சமைத்துக் கொடுப்பது. முருங்கையிலை, உழுத்தங்களி, முட்டை, சூடை, சாளை, குளத்து மீன் எல்லாம் கொடுக்கலாம். மீனின் நல்ல கொழுப்பு பாலுக்குள் போகும், அது பிள்ளையின் கண்ணுக்கும் மூளைக்கும் வேண்டியது. பத்தியம் என்று மரக்கறியையும் தண்ணீரையும் வெட்டுவதை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள். கிளினிக்கில் தரும் திரிபோஷ சத்துமா தாய்க்கென்று தந்தால் தாயே சாப்பிட வேண்டும், வீட்டுக்குப் பங்கு போடக் கூடாது.

உண்மையாகவே தாய்ப்பால் போதாமல் டொக்டர் மாப்பால் எழுதினால், அது குறைமாதப் பிள்ளைக்கென்று செய்ததாகவே இருக்க வேண்டும். பால்மாவில் கிருமி இருக்கலாம். கொதித்த தண்ணீரை அரை மணித்தியாலத்துக்கு மேல் ஆறவிடாமல், 70 பாகைக்குக் குறையாத சூட்டில் கரைத்து, பிறகு குளிர்ந்த தண்ணீரில் பாத்திரத்தை வைத்து ஆற்றி, உடனே கொடுக்க வேண்டும். ஆறிய தண்ணீரில் கரைக்க வேண்டாம்.

இரும்பு இரண்டாம் கிழமைக்குப் பிறகு தொடங்குவார்கள், இரத்தம் ஏற்றியிருந்தால் சற்றுப் பிந்தும். ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 2 முதல் 4 மி.கிராம். 1.9 கிலோ பிள்ளைக்கு 2 வீதம் 3.8 மி.கிராம். துளி மருந்தில் 1 மி.லீ. க்கு 10 மி.கிராம் என்றால் 0.38 மி.லீ., அதாவது 1 மி.லீ. சிறிஞ்சில் 0.4 என்று எழுதிய கோட்டுக்குச் சற்றுக் கீழே. கடையில் வேறு போத்தல் தந்தால் செறிவு மாறியிருக்கும், பழைய மி.லீ. ஐ அப்படியே கொடுக்காதீர்கள். போத்தலோடு போய்க் கேளுங்கள். கரண்டியால் அளக்கக் கூடாது. மலம் கறுப்பாகப் போகும், அது இரும்புதான். விற்றமின் டி ஒரு நாளைக்கு 400 முதல் 800 அலகு. பிள்ளை நிறை ஏற ஏற இரும்பின் அளவும் ஏற வேண்டும். கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் நிறுத்தபிறகு "இப்போ எவ்வளவு" என்று கேட்பது தங்கச்சியின் வேலை. வளர்ச்சியைப் பார்க்கும்போது பிறந்த திகதியிலிருந்து எண்ணும் வயதில் பத்துக் கிழமையைக் கழித்துப் பாருங்கள். கூழும் மசித்த சோறும் அந்தத் திருத்திய வயதில் ஆறு மாதமளவில், தலை நிமிர்ந்து நின்றபிறகு.

வீட்டில் பிள்ளை பாலை மறுத்தால், பச்சையாகச் சத்தி எடுத்தால், வயிறு பறைபோல ஊதி இறுகினால், மலத்தில் இரத்தம் கண்டால், மூச்சு நின்று நின்று வந்தால், தொட்டால் குளிர்ந்தால், விடியட்டும் என்று இருக்காதீர்கள். 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கள், காசில்லை. எடுத்ததும் 30 கிழமையில் பிறந்த பிள்ளை என்பதையும் கடைசியாக நிறுத்த நிறையையும் சொல்லுங்கள். அம்புலன்ஸ் வரும் வரையும் அதற்குள் ஏறியபிறகும் பிள்ளை தாயின் நெஞ்சோடு, தொப்பி போட்டு, துணியால் சுற்றிக் கட்டியபடியே இருக்கட்டும். பச்சைச் சத்தியோ வயிறு ஊதலோ இருந்தால் வழியில் பால் கொடுக்க வேண்டாம்.